மூன்றாவது வட்டிலப்பம்

“இன்னொன்று வைக்கவா சேர்?”

கடைக்காரர் ஸாலிஹ் கேட்டதும் சாந்தகுமார் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். கொட்டாஞ்சேனையில் அவனை யாருக்கும் தெரியாது. வெள்ளவத்தையில் என்றால், ஒரு லட்டு வாங்கினாலே அவன் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

கருப்பட்டிப் பாகு மினுங்க மூன்றாவது வட்டிலப்பம் வந்தது. கரண்டியால் பெரிதாக வெட்டி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். உடனே மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

மூன்று மாதங்களுக்கு முன் டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். “இது இன்னும் சீனி வருத்தம் இல்லை. வாசலில வந்து நிக்குது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, நடந்து, எடையையும் குறைச்சீங்கள் எண்டால் திரும்பிப் போயிடும்.”

அன்றிலிருந்து அம்மா பத்மாவதியின் காவல் தொடங்கியது. சோறு சின்னக் கிண்ணத்தில் அளந்து வந்தது. சீனிப் போத்தல் அலுமாரிக்குள் பூட்டுப்பட்டது. விடிந்ததும் குரக்கன் கஞ்சி, பிறகு கடலோர வீதியில் நடை. அவன் முன்னால் நடக்க, முழங்கால் வலியோடு அம்மா பின்னால் வருவாள்.

எதிரே வருகிறவர்களும் விடமாட்டார்கள். “தம்பி, எவ்வளவு குறைஞ்சிருக்கு?” என்று கேட்பார்கள். “இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வைக்கவேணும்” என்று அம்மாவின் கையைப் பிடிப்பார்கள். அம்மா கண்ணைத் துடைப்பாள். அவனுக்கோ அப்படியே தண்டவாளத்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடலாம் போலிருக்கும்.

நேற்றும் அம்மா அவன் தலையைத் தடவினாள். “இவ்வளவு நடந்தும் ஏன் ராசா இறங்குதில்லை? நாளையிண்டைக்கு ரத்தம் சோதிக்கேக்க மட்டும் சரியா வந்திட்டால் போதும். மிச்சத்தை முருகன் பார்ப்பான்.”

அந்தக் கைக்குக் கீழே அவன் அசையாமல் இருந்தான். ‘ஏலாது’ என்ற ஒரு சொல்லை வாய்வரை கொண்டுவந்து, வழக்கம்போல விழுங்கிக்கொண்டான்.

கடை வாசலில் முச்சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் அவனுடைய தங்கை மிதுனா.

தட்டை ஒளிக்க நேரமில்லை. அவள் மெதுவாக வந்து எதிரே இருந்தாள். மூச்சு வாங்கியது. ஊசித் தழும்பேறிய இடது கையைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

“எப்படி இஞ்ச…?”

“ஸ்ரான்லி அண்ணையின்ர ஓட்டோவிலதானே நீங்களும் வாறனீங்கள். அவர்தான் சொன்னவர்.”

ஸாலிஹ் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவள் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை மிது” என்றான் சாந்தகுமார். “ஆசையை அடக்க ஏலாமக் கிடக்கு.”

“உங்களுக்கு எப்பயிருந்து இனிப்பில ஆசை வந்தது? சின்னனில உங்கட பங்கையும் நான்தானே திண்டனான்.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“பயமாக் கிடக்கு மிது” என்றான் கடைசியில். “அம்மாட முகத்தைப் பாத்துக்கொண்டு ஏலாதெண்டு சொல்ல என்னால முடியேல்லை. டொக்டரே சொல்லட்டுமெண்டு…”

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, அடி வாங்கக் காத்திருக்கும் பிள்ளையைப் போல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிதுனா கோபிக்கவில்லை. கை நீட்டி வட்டிலப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

“இனி இந்தக் கண்டறியாததைத் தின்னாதையுங்கோ அண்ணா. உங்களுக்கு உண்மையாவே சீனி வருத்தம் வந்திடும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிக்க முயன்றாள்.

“உங்கட கிட்னி எனக்கு வேண்டாமெண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்.”