ஒரு மரமும் வெட்டாத தோப்பு

கண்பார்வை போன பிறகு சென்னியப்பன் தன் தேக்கந்தோப்புக்கு மனைவி கண்ணாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். அன்று மரம் பார்க்க சேலத்திலிருந்து வியாபாரி கரீம் பாஷா வந்திருந்தார்.

"மரமெல்லாம் நல்லாப் பெருத்திருக்குதுங்க," என்றார் பாஷா.

சென்னியப்பன் ஒரு மரத்தைத் தடவிக்கொடுத்தார். "நெருக்கி நட்டிருக்கீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டுனாத்தான் மிச்சம் பெருக்கும்னு வனத்துறைக்காரர் தலபாடா அடிச்சுக்கிட்டாருங்க. பெத்த புள்ளையாட்ட வளர்த்தது, ஒண்ணைக்கூடத் தொடக்கூடாதுன்னுட்டேன்."

பாஷா தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு கண்ணாத்தாளைப் பார்த்தார். எதுவும் சொல்லவேண்டாம் என்று அவள் கையசைத்தாள்.

அவர் போனதும் அலுப்போடு வரப்பில் உட்கார்ந்தாள். கணவர் கண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாதி மரங்களை வெட்ட வைத்தது அவள்தான். அன்றிலிருந்து யார் வந்தாலும் இதே கையசைப்பு.

"வாரவங்க வாயை அடைச்சு அடைச்சு உனக்குக் கையே சலிச்சிருக்குமே, புள்ள?" என்றார் சென்னியப்பன்.

அவள் சட்டென்று எழுந்தாள். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"முந்தியெல்லாம் இதுக்குள்ள வெயிலே படாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காலை வெச்சதுமே மூஞ்சியில சுள்ளுன்னு அடிச்சுது."

"அப்பவே கேட்டிருக்கலாமுங்களே!"

"அப்பக் கோவத்துல பேசலை. அப்புறம் தடவிப் பாக்கறப்பவெல்லாம் மரம் பெருத்துக்கிட்டே போச்சு. கேட்டா, நீ செஞ்சதுதான் சரின்னு நான் ஒத்துக்கோணுமல்ல?"