பதினோரு மணி நேரப் பயணம்

"ரெண்டு மணி பத்து நிமிஷம். ஏறி உட்கார்ந்து கண் அசர்றதுக்குள்ள இறங்கிடலாம்" என்றான் டிக்கெட் ஏஜென்ட்.

எதிரே நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அது அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"வேற இருக்கா தம்பி?"

"வேற எதுக்குக்கா? இதுவும் சின்ன ஏர்போர்ட், அதுவும் சின்ன ஏர்போர்ட். நடுவுல ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். நேர் ஃப்ளைட் வாரத்துல ரெண்டு நாள்தான். நீங்க கேட்ட வெள்ளிக்கிழமை காலையிலயே இருக்கு."

"சுத்திப் போறது இருக்குமே."

அலுவலகத்தில் அவனுக்குக் 'குறுக்குவழி' என்று பட்டப்பெயர். எந்த ஊருக்கும் அரைமணி நேரமாவது குறைத்துக் கொடுப்பான். வேண்டாவெறுப்பாகக் கீபோர்டைத் தட்டினான்.

"இருக்கு. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் அஞ்சு. ரெண்டு இடத்துல மாறணும். பறக்கறது நாலு மணி நேரம், காத்துக் கிடக்கறது ஏழு மணி நேரம். விலையும் கூட."

"இருக்கட்டும். அதையே போடுங்க."

"குறுக்குவழிக்கே வழி சொல்ல ஆள் வந்தாச்சு" என்று பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. "பச்சைக் குழந்தை, அக்கா. எங்க வீட்லயும் இந்த வயசுல ஒண்ணு இருக்கு. அரைமணி நேரம் பஸ்ல வச்சிருந்தாலே ஊரைக் கூட்டிடும். ரெண்டு வயசு ஆகாததால தனி சீட்டும் கிடையாது. மூணு ஃப்ளைட்லயும் மடியிலதான்."

"மடியிலதானே?" அவள் முகம் தெளிந்தது. "இவ அழமாட்டா. முதுகுல தட்டிக் குடுத்தா தூங்கிடுவா."

"அங்க யாராவது கூப்பிட வருவாங்களா?"

"வருவாங்க. எந்த ஃப்ளைட்னு சொன்னா வந்து நிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு வருஷமா இவளுக்காகத் தவம் கிடந்தவங்க."

தாத்தா பாட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "அப்ப சீக்கிரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாமா?"

"அஞ்சு வருஷம் இருந்தவங்க, இன்னும் ஒரு பகல் இருக்கமாட்டாங்களா?"

"சரி, உங்க இஷ்டம். இதுல ஒரு சீட்தான் பாக்கி இருக்கு."

"சீக்கிரம் போடுங்க தம்பி, போயிடப் போகுது." கவுன்ட்டரை இறுக்கிப் பிடித்தாள். "நடுவுல ஏதாவது லேட்டாகுமா?"

"ஆகலாம்." கேட்டவள் குரலில் பயமில்லை, ஆசை மாதிரி இருந்தது. அவனுக்குப் புரியவில்லை.

விவரங்களை அடித்து முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். "சரியா இருக்கான்னு பாருங்க. ரிட்டர்ன் எப்போ?"

"அன்னிக்கே. கிடைக்கிற முதல் ஃப்ளைட்."

"இறங்கின காலோட திரும்பவா? குழந்தை தாங்காதுக்கா."

"எனக்கு மட்டும் போடுங்க."

அவன் நிமிர்ந்தான். அவள் திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். குழந்தைகள் காப்பகத்தின் முத்திரை இருந்தது.

"உறவுன்னு இருக்கிற இடத்துல அம்மான்னு போட்டிருக்கீங்க தம்பி, அதை மாத்திடுங்க. தத்துக் குடுக்கிற வரைக்கும் வளர்க்கிறவ நான். இவ அம்மா அங்க ஏர்போர்ட்ல வந்து நிப்பாங்க."