ஏழாம் அத்தியாயம்

ஏழாம் அத்தியாயத்தை இரண்டாம் தடவை படித்தபோது யேசுதாசனுக்கு இருமல்கூட நின்றுவிட்டது.

தாம்பரம் சானடோரியத்தில் காசநோய் வார்டு. ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. அவன் கையில் இருந்தது, எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ ஒரு மந்திரி தன் ராஜாவுக்கு எழுதிக் கொடுத்த புத்தகத்தின் தமிழாக்கம். பதவியைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்வது எப்படி. முதல் பக்கத்திலிருந்து வேறு பேச்சே இல்லை.

படிக்கக் காரணம் இருந்தது. பல்லாவரத்தில் அவன் வேலை பார்த்த தோல் கம்பெனியில் தொழிலாளர் சங்கத் தேர்தல் வருகிறது. பதினோரு வருஷமாக அப்பாதுரைதான் தலைவர். அறுபத்தேழில் கோட்டையிலேயே ஆட்சி மாறிவிட்டது, ஒரு சங்கத்தில் தலைவர் மாறக்கூடாதா என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் யேசுதாசன். அவன் பின்னால் கூட்டமும் சேர்ந்திருந்தது.

நாளை சாயங்காலத்தோடு மனு கொடுக்கும் கெடு முடிகிறது. தன் மனுவை எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

இந்த நேரத்தில் வந்து தொலைத்தது ஏழாம் அத்தியாயம்.

உன்னை எதிர்ப்பவனை அடிக்காதே, என்றது புத்தகம். அடிபட்டவன் பின்னால்தான் ஊர் போகும். அவன் தானாக விழும் நாளுக்குக் காத்திரு. விழுந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்த் தூக்கு. அவன் வீட்டு அடுப்பு உன்னால் எரியட்டும். அதற்கப்புறம் அவன் உனக்கு எதிராக வாயைத் திறந்தால் அவன் ஆட்களே அவனைக் காறித் துப்புவார்கள்.

யேசுதாசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஷெட்டுக்குள் ரத்தம் கக்கி விழுந்தவனை மடியில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் இங்கே கொண்டுவந்தவர் அப்பாதுரை. அவன் மனைவி அருள்மேரிக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வாராவாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறார். தனியாக அல்ல, நாலு தொழிலாளிகளையும் கூட்டிக்கொண்டு.

ஒரு வரிகூடப் பிசகவில்லை.

அடேயப்பா! கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குப் பிரமிப்புதான் வந்தது.

மணி அடித்தது. அப்பாதுரை வந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அவன் காலை அமுக்கிவிட ஆரம்பித்தார். கூட வந்த நாலு பேரும் சுற்றி நின்றார்கள்.

அந்த முகத்தில் யேசுதாசன் தந்திரத்தைத் தேடினான். சல்லடை போட்டுச் சலித்தும் அகப்படவில்லை. அவன் இளைத்த காலைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர்தான் நின்றது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தலைவர் பதவிக்கு அவருடைய மனு.

“என் பேரை நீதான் தம்பி முன்மொழியணும். வேற எவனுக்கு அந்த யோக்கியதை கீது?”

நாலு பேரும் யேசுதாசனையே பார்த்தார்கள்.

இது ஏழாம் அத்தியாயத்தில்கூட இல்லை.

தலையணைப் பக்கம் அவன் கை போகவே இல்லை. யாரோ நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். தோற்றுவிட்டோம் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அப்பாதுரை பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். தன் பெயர் அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டுக்கொண்டு, அதற்கு நேராகக் கட்டைவிரலை அழுத்தினார்.