வாவிப் பக்கத்துத் தகடு

சுனாமிக்குப் பிறகு நாவற்குடாவில் தன் வாவிக்கரை வீட்டைச் சுற்றி இராசாத்தி அடைத்த தகரவேலி உப்புக்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போனது. சண்டை முடிந்த வருடம் அலுமினியத்தில் போட்டாள்.

"இது துருப்பிடிக்காதுக்கா. மாசத்துக்கொருக்கா நல்ல தண்ணியால கழுவினாப் போதும்," என்றார் பொருத்த வந்த முனாப்.

மூன்றாம் மாதம் வாவிப் பக்கத்துத் தகட்டின் மேல் விளிம்பில், யாரோ பிடித்து ஏறியதுபோல் துரு. உள்ளே நான்கு விரலின் தடம், வெளியே பெருவிரலின் தடம். கழுவக் கழுவ வந்தது.

சண்டையில் காணாமற்போன மகனின் மரணத்தைப் பதியக் கையெழுத்துக் கேட்டு அதிகாரி வந்தார்.

"செத்தனெண்டு அவனே வந்து சொல்லட்டும், வைக்கிறன்," என்று அவரை அனுப்பிவிட்டு, வாவியைப் பார்த்துக் கத்தினாள். "என்ன மகன், சொந்த வீட்டுக்கு வேலி பாயிற? கடப்பால வா!"

வாசல் கடப்பைத் திறந்துவிட்டே படுத்தாள். விடிந்தபோது கொண்டி உள்ளேயிருந்து போடப்பட்டிருந்தது. அதில் ஐந்து விரல் துரு.

அதை மட்டும் அவள் கழுவவில்லை.