விற்கத் தெரியாதவர்

"அவங்க கேட்டாங்களா? கேட்காத விஷயத்தை நீங்களா எதுக்குச் சொன்னீங்க?"

கடையை வாங்க வந்த நர்ஸம்மா தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். கணவர், பாதி குடித்த தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை போக மிச்ச நேரத்தில் ஆன்லைனில் ஒரு கடை நடத்தினார். கால்மிதி, திரைச்சீலை, மேசைவிரிப்பு. கடை என்றால் ஒரு வெப்சைட், அவ்வளவுதான். சரக்கெல்லாம் வீட்டில். அதிலும் வெப்சைட்டில் முதல் படமாக இருக்கும் பச்சை நிறக் கால்மிதி கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, மகள் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் என்று கட்டுக் கட்டாகக் கிடந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

கடையையே விற்றுத் தலைமுழுகுவது என்று முடிவாகி, இன்றுதான் முதல்முறையாக ஒருவர் நேரில் வந்தார். பணி ஓய்வு பெற்ற நர்ஸ். ஓய்வின்போது வந்த பணத்தை எதிலாவது போட வேண்டும் என்று இருந்தார். போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடை லட்சணமாக இருக்கிறது என்றார். விலையும் படிந்தது. முன்பணம் கொடுக்க அவர் கைப்பையைத் திறந்த நேரத்தில்தான் மெக்கானிக் வாயைத் திறந்தார்.

மாதத்துக்கு இரண்டு பேர் வாங்கினால் அதிசயம், அதிலும் ஒருவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்றார்.

நர்ஸம்மா கைப்பையை மூடினார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் எந்தக் காலத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்?

அந்தப் பணத்தை நம்பித்தான் மகளுக்குக் கல்லூரியில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்களைத்தான் கேட்கிறேன். ஊமைக்கோட்டான் மாதிரி நின்னா என்ன அர்த்தம்?"

"அவங்களுக்கு என்ன கேட்கணும்னு தெரியலை," என்றார் அவர், கோப்பையைக் கழுவியபடி. "அதான் நானே சொன்னேன்."

"பெரிய உத்தமர். சாயங்காலம் பொண்ணு வருவா. அவகிட்ட என்ன சொல்றது? உங்கப்பா ரொம்ப யோக்கியர், அதனால நீ வீட்டோட இருன்னா?"

அவர் அடுத்த கோப்பையைக் கழுவினார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவளுடைய தம்பி ஆரம்பித்த கடை அது. அவன் கையில் இருந்தவரை ஆர்டர் வந்து குவிந்தது, அதிலும் பச்சைக் கால்மிதிக்கு. வெளியாளுக்குக் கொடுக்காமல், அக்கா குடும்பம் நாலு காசு பார்க்கட்டும் என்று அத்தானுக்கு விற்றான். இவர் கை பட்டதும் கடை படுத்துவிட்டது. 'பந்தயக் குதிரையைக் கொடுத்தேன், அத்தான் அதை வண்டி மாடாக்கிட்டார்' என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் தம்பி சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இவரும் சேர்ந்து சிரித்து வைப்பார். இத்தனையையும் ஒன்றுவிடாமல் இப்போது சொல்லித் தீர்த்தாள். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

"இருங்க, அவனையே கேட்கிறேன்."

"அவனுக்கு எதுக்குப் போன்? வேணாம், விடு." ஈரக் கையோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"ஏன், அவன் முன்னாடி மானம் போகுதா? போகட்டும்."

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தம்பி சிரித்தான். அத்தானுக்குப் பிழைக்கத் தெரியாது என்றான். பிறகு வகுப்பெடுத்தான். கடையை விற்பதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் ஓட வைக்க வேண்டும். தெரிந்தவர்களை விட்டு ஆர்டர் போடச் சொல்ல வேண்டும். பொருளை அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் கட்டிய பணத்தைப் பிறகு கையில் கொடுத்துவிடலாம். வாங்க வருகிறவர் பார்த்தால் வியாபாரம் ஓகோவென்று நடப்பதாகத்தான் தெரியும்.

"ஒண்ணு மட்டும் கவனம்க்கா. எல்லாரும் முதல் படத்தையே அமுக்கிடக் கூடாது. ஆளுக்கொரு பொருளா போடணும்."

"நல்லா கேட்டுக்கோங்க," என்றாள் கணவரிடம்.

அவர் போனை எடுக்கக் கை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். யார் யாரை ஆர்டர் போடச் சொல்லலாம் என்று அவள் மனம் அதற்குள் ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நர்ஸம்மாவையே மறுபடி கூப்பிடலாம். இவருக்குக் கணக்கு வழக்கு தெரியாது, ஏதோ உளறிவிட்டார் என்று சொன்னால் நம்பிவிடுவார். பாவம், நல்ல மாதிரி.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு.

"வாங்கினவங்க பின்னாடி கண்டுபிடிச்சு வீட்டு வாசல்ல வந்து நின்னா என்னடா பண்றது?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. அத்தான்கூட வாங்கின மறுமாசமே கண்டுபிடிச்சு என் வாசல்ல வந்து நின்னார். என்ன ஆயிடுச்சு?" பேசும் வேகத்தில் தம்பி சொல்லிக்கொண்டே போனான். "'உங்க அக்காவுக்குப் பொறந்த வீடுன்னு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான், இது அவ காதுக்குப் போக வேண்டாம்'னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டார்."