உருவிய சிகரெட்

"அப்பா, டோக்கனைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க இவரை."

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கணவரிடம் அவள் நேராகப் பேசிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. எல்லாம் அப்பா மூலமாகத்தான்.

கோபம் சும்மா வரவில்லை. கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, அப்பாவும் கூட இருக்கும்போது, டாக்டரம்மா கேட்டார். "சிகரெட் உண்டா? வீட்ல, கடையில யாராவது பிடிப்பாங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம். ரொம்ப வருஷமா. மாமா சாப்பிடப் போற நேரம் பார்த்து அவர் பாக்கெட்லேர்ந்து உருவிப்பேன்."

வீட்டு முன்னறையில்தான் கணவருடைய ஃபேன் ரிப்பேர் கடை. அம்மா போனபின் மகளோடு வந்துவிட்ட அப்பா, நாள் முழுக்க மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுப்பார். கூடவே சிகரெட்டும் ஓயாது. கணவர் சட்டையில் அடித்த வாடையெல்லாம் அப்பாவுடையது என்றுதான் இவ்வளவு நாளும் துவைத்துப் போட்டிருக்கிறாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்த மனுஷர்!

"ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே! நீங்கல்லாம் ஒரு அப்பாவா?" என்று அன்று கத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேணாம் மாப்ளன்னு சொல்லியிருப்பேனே" என்று அப்பாவும் புலம்பினார். அன்றே தன் சிகரெட் பாக்கெட்டையும் தூக்கி எறிந்தார்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. ரிசல்ட்டைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல" என்று அப்பா பெஞ்சிலேயே இருந்துகொண்டார்.

உள்ளே டாக்டரம்மா சிரித்தார்.

"சதை எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினோமே, ரிசல்ட் வந்தாச்சு. நல்ல சேதிதான். இப்போதைக்கு ஊசி மருந்து ஏத்த வேணாம். தினமும் மாத்திரை போதும்."

அவள் நம்பாமல் கேட்டாள்.

"எதிர்வீட்டுக்காரருக்கும் நுரையீரல்லதான் மேடம். ஊசி போட்டுப் போட்டு முடியெல்லாம் கொட்டிச்சு. இவருக்கு மட்டும் மாத்திரையா? இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கைகழுவறீங்களா?"

டாக்டரம்மா கணவரிடம் திரும்பினார். "ஓடாத ஃபேனுக்கெல்லாம் காயிலையா மாத்துவீங்க?"

"இல்ல மேடம். கழட்டிப் பார்ப்பேன். ஒண்ணுல கெப்பாசிட்டர் போயிருக்கும், ஒண்ணுல பேரிங்."

"அதேதான். பேர்தான் நுரையீரல் புற்றுநோய், உள்ளே பல வகை. உங்களுக்கு எங்க கோளாறுன்னு கழட்டிப் பார்த்தாச்சு. அதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. முழுசாப் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நல்லாக் கட்டுப்படும்னு நம்பலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் டாக்டரம்மா. "இந்த வகை பெரும்பாலும் சிகரெட்டே தொடாதவங்களுக்குத்தான் வருது. புகை பிடிக்கிறவங்க உடம்புல சில மாத்திரை சரியா வேலை செய்யாது. என்கிட்ட மறைச்சா உங்களுக்குத்தான் ஆபத்து. நிஜத்தைச் சொல்லுங்க, எவ்வளவு பிடிச்சீங்க?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுகூட இல்ல மேடம். தொட்டதே இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாத விரதமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அப்புறம் ஏங்க பொய் சொன்னீங்க? நான் உங்களை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு மேடம் கேட்டதும் மாமா முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. எனக்கு வந்த வியாதிக்கு இவங்ககிட்ட மருந்து இருக்கு. 'உன் புகையாலதான் என் புருஷனுக்கு இப்படி ஆச்சு'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்கு யாரும்மா மருந்து கொடுப்பா?"