ஒன்பதாவது குழி

“இந்த வாரம் எத்தன குழி, இக்கா?”

“ஒம்பது.”

“போன வாரம் ரெண்டுதானே! ஆரு சொன்னா ஒம்பதுன்னு?”

“ஆரும் சொல்லல. கை நிக்கல, அவ்வளவுதான்,” என்றார் கபர் வெட்டும் ஷாகுல் ஹமீது. “நீ படிச்சவனாச்சே. உன் கோடு என்ன சொல்லுது?”

சிகாபுதீன் எர்ணாகுளத்தில் புள்ளியியல் படித்தவன். மட்டாஞ்சேரிப் பள்ளிவாசலின் ஐந்து வருஷ மவுத்துப் பதிவேட்டிலிருந்த சாவுகளைக் கட்டத்தாளில் கோடாக வரைந்திருந்தான். வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று மாதக்கணக்கில் போகும் கோடு, திடீரென்று ஒன்பது, பத்துக்குத் தாவி, வைசூரியோடு சில வாரம் அங்கேயே நிற்கும். பிறகு பழையபடி கீழே விழும். நடுவில் படியே கிடையாது. எந்த வாரம் தாவும் என்றுதான் அவனால் கணிக்க முடியவில்லை.

மணல் பூமி. அடக்கத்துக்கு மையத்து வந்தபின் வெட்டினால் சரிந்துகொண்டே இருக்கும் என்று, ஷாகுல் ஹமீது வரும் வாரத்துக்கான குழிகளைச் சனிக்கிழமையே வெட்டிப் பலகை போட்டு மூடிவிடுவார். எண்ணிக்கையைக் கொட்டகைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். சிகாபுதீன் அந்தக் கோடுகளையும் தாளில் ஏற்றிப் பார்த்தான். ஐந்து வருஷத்தில் ஒரு வாரம்கூட வெட்டிய குழிக்கும் விழுந்த சாவுக்கும் கணக்குப் பிசகவில்லை.

ஊரில் இன்னும் யாருக்கும் வைசூரி இல்லை. அவனுடைய நாலு வயது மகள் ஜுமைலாவுக்கு மட்டும் காலையிலிருந்து உடம்பு சுட்டது.

அவன் பலகைகளை ஒவ்வொன்றாக விலக்கினான். எட்டுக் குழிகள் ஆள் நீளம். ஒன்பதாவதைக் கையால் அளந்தான். இரண்டரை முழம்.

“இக்கா, அந்த மண்வெட்டிய இங்க தாங்க. இத மட்டும் மூடிரலாம்.”